ஏழு நாள் விடுமுறையும் ஒன்பதாவது நோட்டும்

மார்ச் 3

அன்புள்ள வாலுவுக்கு,

உன் அக்கா எழுதுவது. என் இருமல் ஒருவழியாகக் கிளம்பிப் போனது. முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முனகுகிறது. உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் உடம்பு எப்படி? உன் கடைசிக் கடிதம் வந்து நாற்பது நாள் ஆகிறது. அவருடைய கட்டுரைகளைப் பக்கம் பக்கமாக அழகெழுத்தில் நகல் எடுக்கிற கைக்கு, அக்காவுக்கு நாலு வரி எழுதத்தான் வலிக்கிறதோ?

இங்கே ஒரே அமர்க்களம். பல்கலைக்கழகத்துக்கு இந்த வருஷக் கடைசியில் இருநூறு வயது முடிகிறது. மணிக்கூண்டுக்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள். தூண்களுக்கெல்லாம் வெள்ளை பூசுகிறார்கள். நூலகத்தின் கீழ்த்தளத்தில், நான் புத்தகம் தைக்கிற அறைக்கு மட்டும் ஒரு பல்பு கூட மாற்றவில்லை. வேலை மட்டும் தலைக்கு மேல் கிடக்கிறது.

நேற்று வந்த வேலையைக் கேட்டால் உன் வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார். அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆற்று வாத்தியார், ஆறு வருஷம் முன்பு காலமானாரே, அவருடைய நோட்டுகள் பதினாலையும் அவர் மனைவி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். முப்பது வருஷம் ஆற்றங்கரையில் நின்று அளந்து அளந்து கைப்பட எழுதியவை. முதுகு பிய்ந்து, நூல் அறுந்து வந்திருக்கின்றன. வழக்கம்போல ஒவ்வொன்றிலும் தாளை எண்ணி, பின்னட்டையின் உள்பக்கம் பென்சிலால் குறித்து, பக்கத்தில் என் கையெழுத்தையும் போட்டுவிட்டேன். எண்ணாமல் ஊசியைத் தொட மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். ஜூலையில் ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா வந்து, பக்கம் விடாமல் படித்து, விழாவுக்குள் அச்சில் கொண்டுவரப் போகிறாராம்.

ஆறு தடம் மாறுவதைப் பற்றி உன் வீட்டுக்காரர் எழுதிய புத்தகத்தையும் கண்காட்சியில் இந்த நோட்டுகளுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்று நூலகர் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு ஆராய்ச்சிக் கட்டுரையைக் கட்டித் தரச் சொல்லி என் மேசைக்கு வந்த மாணவரைத்தானே பிடித்து உனக்குக் கட்டி வைத்தேன். அவரிடம் சொல்லு. பதில் போடு.

உன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். நீ முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை என்னிடம் புலம்புவதோடு சரியா?

உட்கார்ந்துகொண்டு படி. நாங்கள் அங்கே வருகிறோம். வேலையாக இல்லை, விடுமுறைக்கு. நானும் அவரும் மட்டும், ஏழு நாள். நீ நம்ப மாட்டாய். எனக்கே இன்னும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உன் கடிதத்தை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வாத்தியார் நோட்டு என்ற இடம் வந்ததும் மறுபடி படிக்கச் சொன்னார். அப்புறம் சாப்பிடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் ஞாபகம் போலிருக்கிறது என்று நான் பேச்சை மாற்றினேன். மறுநாள் காலையில் என் பின்னால் வந்து நின்று சொல்கிறார்: "சின்ன வயசுல இருந்து அந்த யுனிவர்சிட்டி மதிலுக்கு வெளியவே நடந்திருக்கே. உள்ள கூட்டிட்டுப் போய் நான் நடந்த இடத்தையெல்லாம் காட்டுறேன். வர்றியா?"

அக்கா, கல்யாணமான புதிதில் மூன்று நாள் வெளியூர் போனபோது பரீட்சைத் தாள் கட்டை மடியில் வைத்துத் திருத்தினாரே, அதே மனுஷன்தான் இவர். பன்னிரண்டு வருஷத்தில் என்னிடம் 'வர்றியா' என்று கேட்டது இதுதான் முதல் தடவை. 'வா' என்பார், அவ்வளவுதான்.

ஏரிக்கரை விடுதியில் அறை சொல்லிவிட்டார். உன் வீட்டில் தங்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இரண்டு பேருமாக இருக்க வேண்டும் என்கிறார், நான் என்ன செய்ய? வெட்கமாக இருக்கிறது. இன்னொன்று, வாத்தியார் எழுத்தை ஒரு தடவை கண்ணால் பார்க்க அவருக்கு ஆசை. வெளியாட்களை உள்ளே விட மாட்டார்களாமே. நீ ஏற்பாடு செய்வாயா?

அன்புத் தங்கை


மார்ச் 28

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலம். நீ எந்த நிலையில் இருக்கிறாய் என்பது உன் கையெழுத்திலேயே தெரிகிறது, வரியெல்லாம் மேலே ஏறிப் போகிறது.

கோபம் எல்லாம் இல்லை. செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை, அதில் ஒன்றில் பசை வாடை. இங்கே தங்க வைத்துப் புது மாப்பிள்ளை புதுப்பெண்ணைக் கெடுக்க எனக்கு விருப்பம் இல்லை. ஒரு நாள் சாப்பிட வாருங்கள், போதும்.

நோட்டு பார்க்கிற விஷயம். வெளியாள் வாசிப்பறைக்குள் வர வேண்டுமானால் உள்ளே வேலை செய்கிறவர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் நான் யாருக்கும் போட்டதில்லை. உன் வீட்டுக்காரருக்குப் போடாமல் வேறு யாருக்குப் போடப் போகிறேன்? போட்டாயிற்று. நோட்டுகளையும் அதற்குள் தைத்து முடித்துவிடுவேன்.

நல்ல புடவையாக நாலு எடுத்துக்கொண்டு வா. ஏரிக்கரையில் காற்று அதிகம், போர்வையும் எடுத்துக்கொள்.

உன் அக்கா


மே 6

என் அன்பு அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. எனக்கு மூக்கு நுனி மட்டும் வெயிலில் கறுத்துவிட்டது. நீ கட்டிக்கொடுத்த சாப்பாட்டை ரயிலில் அவரே இரண்டு பங்கு தின்றார்.

நீ அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். 'என்னடி இப்படிச் சிரிக்கிறே' என்று கேட்க வாய் வரை வந்தது, அவர் இருந்ததால் விட்டுவிட்டாய். இப்போது சொல்கிறேன். சாயங்காலம் ஆனால் படகு. அவருக்குத் துடுப்புப் போடத் தெரியாது, வட்டம் வட்டமாகவே சுற்றினோம். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மணிக்கூண்டின் படிக்கட்டில் நூற்றுப் பதினேழு படியும் என் கையைப் பிடித்துக்கொண்டே ஏறினார். எந்தத் தூணில் சாய்ந்து படிப்பார், எந்தப் பெஞ்சில் தூங்குவார் என்று எல்லாம் காட்டினார். நான் அந்த மதிலுக்கு வெளியே பள்ளிக்கூடத்துக்கு நடந்த காலத்தில் உள்ளே இவர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார், பார்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது எது தெரியுமா? காலை நேரத்து வாசிப்பறை. பெரிய ஜன்னல் பக்கத்தில் அவரும் நானும் ஒரே மேசையில், கல்லூரி மாணவர்கள் மாதிரி. எந்த நோட்டு வேண்டும் என்று சீட்டு எழுதித் தர வேண்டுமே, அதையெல்லாம் என்னையே எழுதச் சொன்னார். "என் கோழிக்கிறுக்கலை எவன் படிப்பான்? உன் பேர்லயே எழுது, உன் எழுத்தைப் பார்த்தா உடனே எடுத்துத் தருவாங்க" என்றார். வாசிப்பறை மேற்பார்வையாளர், அந்தக் கண்ணாடிக்காரர், நல்ல மனிதர். கடைசி நாள் அவரிடம் போய் மணிக்கூண்டின் பழைய கதையைக் கேட்டு வரச் சொல்லி இவரே என்னை அனுப்பினார். அரைமணி நேரம் சொன்னார். திரும்பி வந்து பார்த்தால் இவர் நோட்டை மூடி வைத்துவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண் கலங்கியிருந்தது. வாத்தியார் மேல் இவ்வளவு பாசம் என்று எனக்கு இதுவரை தெரியாது.

அக்கா, பன்னிரண்டு வருஷமாக இவர் வீட்டில் நான் நகல் எழுதுகிறவளாகத்தான் இருந்தேன். இந்த ஏழு நாள் பெண்டாட்டியாக இருந்தேன். நீ அந்தக் கையெழுத்தைப் போடாவிட்டால் இது எனக்குக் கிடைத்திருக்காது.

உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

அன்புத் தங்கை


ஜூலை 14

அன்புள்ள வாலுவுக்கு,

நலம்தானே? நான் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

ஒரு விஷயம். நீ மட்டும் படி. ஆராய்ச்சிக்கார அம்மா போன வாரம் வந்தார். எட்டு நோட்டு ஒழுங்காகப் படித்தார். ஒன்பதாவதைத் திறந்ததும் ஒரு தாள் தனியாகக் கழன்று அவர் மடியில் விழுந்தது. நான் தைத்த நோட்டில் தாள் விழுவதா என்று எனக்கு மூக்கு சிவந்துவிட்டது. கீழே எடுத்து வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பார்த்ததும் தாள்களை முதலிலிருந்து எண்ணினேன்.

நோட்டு என்பது தனித்தனித் தாள் இல்லை. பெரிய தாளை இரண்டாக மடித்து, மடிப்பில் ஊசி விட்டுத் தைப்பது. ஆகவே ஒவ்வொரு தாளுக்கும் தையலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜோடி உண்டு. ஒன்றை மடிப்போரத்தில் பிளேடால் வெட்டி எடுத்தால், வெட்டிய இடம் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அதன் ஜோடிக்குப் பிடிமானம் போய்விடும். இரண்டு மாதத்தில் தானாக உதிரும். வெட்டியவருக்கு இது தெரியவில்லை. படித்தவர், தைத்தவர் இல்லை.

என் பென்சில் எண் தொண்ணூற்றாறு. இப்போது உதிர்ந்ததையும் சேர்த்துத் தொண்ணூற்றைந்து. நாற்பத்தோராவது தாள் இல்லை.

நான் தைத்து முடித்த பிறகு ஒன்பதாவது நோட்டைக் கேட்டு வாங்கியது ஒரே ஒரு தடவை. ஏப்ரல் கடைசி நாள். அந்தச் சீட்டு, நோட்டு இருந்த அலமாரி இடுக்கில் இருந்தது. உன் எழுத்து. உன் பெயர். யாரும் பார்ப்பதற்குள் எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். இருபத்தாறு வருஷத்தில் நான் அந்தக் கட்டடத்திலிருந்து எடுத்த முதல் காகிதம் அது.

நீ அதைச் செய்திருக்க மாட்டாய். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் நீ. கண்ணாடிக்காரரிடம் நீ கதை கேட்டுக்கொண்டிருந்த அந்த அரைமணி நேரம் உன் வீட்டுக்காரர் என்ன செய்தார்? கேட்டு எழுது. நேராகக் கேட்காவிட்டாலும் சரி, உனக்குத் தெரிந்ததை எழுது.

உன் அக்கா


ஆகஸ்ட் 5

அன்புள்ள வாலுவுக்கு,

மூன்று வாரம் ஆகிறது. கடிதம் வந்து சேர்ந்ததா? உனக்கு உடம்பு சரியில்லையா? தபால்காரரை வாசலிலேயே மடக்கி மடக்கி அவருக்கே என்னைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

விசாரணைக் குழு போட்டுவிட்டார்கள். நோட்டைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தது நான். வெளியாட்களுக்குக் கையெழுத்துப் போட்டது நான். கேட்டு வாங்கியதற்கு அத்தாட்சி எதுவும் இல்லை. அந்தச் சீட்டை எடுத்தபோது இதை நான் யோசிக்கவில்லை. விசாரணை முடியும்வரை என் அறைக்குப் பூட்டு. மேலே பத்திரிகைகள் அடுக்குகிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். நேற்று கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனார்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுதலாம்தான். படு, கொஞ்சம் படு. பதில் எழுது.

உன் அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு இருவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். உன் கடிதங்கள் கிடைத்தன. தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே ஓயாத மழை. பின்பக்கச் சுவர் ஊறி, அலமாரித் துணியெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது. அதைக் காயப்போட்டு எடுப்பதே வேலையாக இருக்கிறது. தையல் மிஷினின் பெல்ட் வேறு அறுந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதால் அவர்களுக்கும் நான்தான் கடைக்குப் போகிறேன்.

அவருக்கு வேலை அதிகம். துறைத் தலைவர் பதவி அனேகமாக அவருக்குத்தான் என்கிறார்கள். இந்த நேரத்தில் அவர் மனம் கலங்கக்கூடாது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ கேட்ட விஷயம். எந்த நோட்டு எந்த நாள் என்றெல்லாம் எனக்கு நினைவில்லை. பழைய நோட்டு, தானாகவே கிழிந்திருக்கலாம். உன் வேலையில் இதெல்லாம் சகஜம்தானே? நீ நல்லவள், உன்னை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கவும்.

தங்கை

மறந்துவிட்டேனே, அந்தச் சீட்டு இன்னும் உன் பையில் இருந்தால் கிழித்துப் போட்டுவிடேன். எதற்கு அதை வைத்துக்கொண்டு?


செப்டம்பர் 11

வாலுவுக்கு,

உன் மழையையும் பூஞ்சையையும் படித்தேன். அலமாரித் துணி காய்ந்ததா?

உன்னை வளர்த்தவளிடம் பூசி மெழுகாதே. நாள் நினைவில்லையாம், நோட்டு நினைவில்லையாம், சீட்டு மட்டும் நினைவிருக்கிறதாம். கடிதத்தின் கடைசியில் மறந்துபோனது மாதிரி எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் அந்தக் கடிதத்தையே எழுதியிருக்கிறாய். மனதில் இருப்பதை மென்று முழுங்குகிறவள் நீ. நாலு வயதிலிருந்து அந்த முகம் எனக்குத் தெரியும்.

சரி. உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் எதற்காக அந்தத் தாளை எடுத்தார் என்பதையும் யோசித்தேன். ஆராய்ச்சிக்கார அம்மா எட்டாவது நோட்டு வரை படித்துவிட்டு, 'அடுத்ததுல வாத்தியார் ஆறு தடம் மாறுற கணக்கைக் கண்டுபிடிச்சிருப்பாரு, பாருங்க' என்று ஆசையோடு சொன்னார். அந்தக் கணக்குக்காகத்தானே உன் வீட்டுக்காரருக்கு அவ்வளவு பெரிய பெயர்? அந்தக் கட்டுரையை என் கையால் தைத்தேன், கடவுளே.

நீ அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டாம். அதை உன்னிடம் கேட்க மாட்டேன். குழு உனக்குக் கடிதம் அனுப்பும். அதில் ஒரே வரி எழுது: 'ஏப்ரல் கடைசி நாள் வாசிப்பறையில் வைத்து ஒன்பதாவது நோட்டை நாங்கள் பார்த்தோம்.' அவ்வளவு போதும். நோட்டு என் கையைத் தாண்டிப் போனது என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும், எனக்கு வேலை மிஞ்சும். இன்னும் மூன்று வருஷ வேலை, வாலு. திருடி என்ற பெயரோடு அந்தப் படியை இறங்க வைக்காதே. சீட்டை நான் யாரிடமும் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

அக்கா


அக்டோபர் 9

வாலுவுக்கு,

நேற்று விசாரணை. நீண்ட மேசை, ஐந்து பேர். எனக்கு உட்கார நாற்காலி கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். உன் வாக்குமூலம் வந்துவிட்டது என்று நூலகர் சொன்னதும் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த முட்டாள்தனத்தையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

அவரே படித்தார். வாசிப்பறையில் ஒன்பதாவது நோட்டை நீங்கள் பார்க்கவே இல்லையாம். நீங்கள் சாப்பிட வந்த அன்று நான்தான் அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்து, பெருமைக்காகச் சாப்பாட்டு மேசையில் விரித்துக் காட்டினேனாம். அப்போதே தாள்கள் தளர்ந்திருந்தனவாம். இப்படி எடுத்துவரலாமா என்று உன் வீட்டுக்காரர் என்னைக் கண்டித்தாராம்.

'இது உங்க தங்கச்சி கையெழுத்துதானா?' என்று காகிதத்தை என் பக்கம் திருப்பினார்கள். உன் எழுத்துக்கு என்ன குறை, முத்து முத்தாக இருந்தது. ஆமாம் என்றேன்.

மேலே படித்தார்கள். கடைசி வரிக்கு முந்தைய வரி வரை அந்தச் சீட்டு என் பையில்தான் இருந்தது. கடைசி வரியையும் படித்து முடித்தார்கள். சீட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

சீட்டை ஒளித்ததற்காக என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உனக்கு அவர்களிடமிருந்து கடிதம் வரும்.

அக்கா


அக்டோபர் 27

அக்கா,

நலம் கேட்க எனக்கு வாய் இல்லை.

குழுவின் கடிதம் வந்தது. சீட்டு என் பெயரில் இருப்பதால் நான்தான் பதில் சொல்ல வேண்டுமாம். அவர் படித்தார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, எல்லாச் சீட்டையும் என் பெயரில் எழுத வைத்தது இந்த நாளுக்காகத்தான்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளை ஜூன் மாதமே பார்த்தேன், உன் கடிதம் வருவதற்கு முன்பே. அவருடைய அகராதிக்குள் இருந்தது. வாத்தியார் எழுத்து, வளைந்து போகிற ஒரு படம், கீழே ஒரு குறிப்பு. நான் கேட்கவில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் கேட்டேன். அழுதார். அக்கா, அவர் அழுது நான் பார்த்ததில்லை. பதவி போய்விடும், பேர் போய்விடும் என்றார். ஆகஸ்டில் என் கண் முன்னால் அதை அடுப்பில் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏன் நின்றேன் என்று கேட்பாய். அவருக்காக என்று சொன்னால் பொய். அந்த ஏழு நாளுக்காக. அவர் தாளை எடுக்க வந்தார் என்று ஒப்புக்கொண்டால், படகும் பொய், மணிக்கூண்டும் பொய், என் கையைப் பிடித்ததும் பொய். எனக்கு வாழ்க்கையில் வேறு ஏழு நாள் இல்லை. அதை வைத்துக்கொள்ள உன்னைக் கொடுத்துவிட்டேன். வாக்குமூலத்தில் இருந்த அத்தனை வரியும் அவர் பென்சிலால் எழுதித் தந்தது. நான் எப்போதும்போல் நகல் மட்டும் எடுத்தேன்.

நேற்று சாயங்காலம் இன்னொன்று எழுதிக் கொண்டுவந்தார். தாளை வெட்டியது நான் என்று. கணவருக்குத் தெரியாமல், அவர் மேல் உள்ள பிரியத்தில் செய்துவிட்டேன் என்று. ஒரு கையில் அது, இன்னொரு கையில் எனக்கு டீ. பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு டீ போட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அதே ஏரிக்கரைக் குரலில் சொன்னார்: "அழகா நகல் எடுத்துடு. இதெல்லாம் முடிஞ்சதும் மறுபடி போவோம். இந்தத் தடவை பத்து நாள், வர்றியா?"

அக்கா, இந்தத் தடவை நகல் எடுக்கவில்லை. நீ கையில் வைத்திருக்கிற இந்தக் காகிதத்தின் பின்பக்கம்தான் அது. திருப்பிப் பார். அவருடைய கோழிக்கிறுக்கல். நான்தான் வெட்டினேன் என்று குழு நம்ப வேண்டுமே, அதற்காகத் தாளில் என்ன படம் இருந்தது, அதற்குக் கீழே 'இன்று இதை என் மாணவனுக்கு விளக்கினேன்' என்று வாத்தியார் என்ன தேதியில் எழுதியிருந்தார், எல்லாம் அதில் இருக்கிறது. வெட்டிய தாளைக் கையில் வைத்துப் படித்தவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாதவை. குழுவிடம் கொடுத்துவிடு. நானும் வந்து சொல்கிறேன்.

நான் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் இருக்கிறேன், பதிலை அங்கே போடு. எனக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை. உன்னிடம் வரட்டுமா?

வாலு


நவம்பர் 30

வாலுவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன்.

நீ அனுப்பிய காகிதத்தை அன்றைக்கே நூலகரிடம் கொடுத்தேன். உன்னையும் தனியாக எழுதிக் கேட்டார்களாமே, உண்மையைச் சொல்லியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். நல்லது. ஆராய்ச்சிக்கார அம்மா அந்தக் கிறுக்கலையும் உன் வீட்டுக்காரர் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உன் வீட்டுக்காரருடைய கல்லூரிக்குக் கடிதம் போயிருக்கிறது. கண்காட்சியிலிருந்து அவர் புத்தகத்தை எடுத்துவிட்டார்கள்.

போன பதினைந்தாம் தேதி என் அறைச் சாவி திரும்பக் கையில் வந்தது. சீட்டை மறைத்ததற்கு ஒரு கண்டனக் கடிதம், அதோடு சரி. கண்ணாடிக்காரர் கீழே வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். ஒன்பதாவது நோட்டில் உதிர்ந்த தாளுக்கு மெல்லிய காகிதத்தில் ஒரு பட்டை ஒட்டி மறுபடி தைத்துவிட்டேன்.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இங்கே இரண்டு அறை இருக்கிறது, உனக்கு ஒரு வாய்ச் சோறு போடுவதில் எனக்குக் கஷ்டமும் இல்லை. ஒரு மாதமாக இந்தப் பதிலை எழுதி எழுதிக் கிழித்தேன்.

சீட்டு எழுதியது தெரியாமல் செய்தது. பதில் போடாமல் இருந்தாய், பயந்துபோனாய் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பொய் வாக்குமூலத்தைக் கூட, புருஷன் பென்சிலால் எழுதித் தந்தார், இவள் மை தொட்டு எழுதினாள் என்று விழுங்கப் பார்த்தேன். அத்தனை வரியும் அவருடையது என்று போன கடிதத்திலும் எழுதியிருக்கிறாய்.

கடைசி வரியைச் சொல்கிறேன். ஐந்து பேர் முன்னால் படிக்கக் கேட்டவள் நான், ஒரு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. 'என் அக்கா சிறு வயதிலேயே பள்ளி நூலகத்திலிருந்து சொல்லாமல் புத்தகம் எடுத்து வந்து, பிடிபட்டு, எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் முழங்காலிட்டவர்.'

இது உன் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? உன்னைத் தவிர நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்று பார்த்த பிள்ளைகள் யாரையும் அவருக்குத் தெரியாது. இதை அவருக்குச் சொல்லக்கூடியவர்கள் இந்த உலகத்தில் நாம் இரண்டு பேர்தான்.

எனக்கு அப்போது பதினாலு வயது. உனக்கு நாலு. காய்ச்சலில் பத்து நாளாகக் கிடந்தாய். படம் போட்ட புத்தகம் வேண்டும் என்று விடாமல் அழுதாய். வீட்டுக்குத் தர மாட்டார்கள் என்பதால் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தேன். நீ அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கினாய். மறுநாள் என்னை முழங்காலிட வைத்து, யாருக்காக எடுத்தாய் என்று தலைமை ஆசிரியை திரும்பத் திரும்பக் கேட்டார். உன் பெயரைச் சொல்லவில்லை. பெரியவளான பிறகு உனக்கு மட்டும் சொன்னேன். நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாய்.

அந்த வாக்குமூலத்தில் எல்லாம் எழுதியிருக்கிறாய். யாருக்காக எடுத்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை.

வராதே. எனக்கு மனசு வந்தால் நானே எழுதுகிறேன். வராமலும் போகலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா